வாகனத்தில் இன்வெர்ட்டருக்கு ரிமோட் சுவிட்ச் பொருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இருக்கைக்கு அடியிலோ சரக்கு அறையின் மூலையிலோ இருக்கும் இன்வெர்ட்டரை (பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கவும் அணைக்கவும் வழி செய்வதுதான் இந்த வேலை. பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிளின் நடுவே ஒரு சுவிட்சைச் செருகிவிட்டால் முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் இதில் கை வைக்கிறார்கள். 1,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 100 ஆம்பியர் இழுக்கும். டேஷ்போர்டில் பொருத்தும் சுவிட்சுகளோ பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர் வரைதான் தாங்கும். சுவிட்ச் உருகும், அதற்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து பற்றும்.

ஆகவே இரண்டு பாதைகளைத் தொடக்கத்திலேயே மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். கனமான மின்னோட்டம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே இன்வெர்ட்டருக்குப் போகும். ரிமோட் சுவிட்ச் வழியே "இயங்கு", "நில்" என்ற சிக்னல் மட்டும் மெல்லிய ஒயரில் போகும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தப் பிரிவினையை ஒட்டியே அமைந்துள்ளன.

இங்கே சொல்லும் அளவுகள் 12 வோல்ட் வாகனத்துக்கானவை. 24 வோல்ட் வாகனத்துக்கு 24 வோல்ட் இன்வெர்ட்டரையே வாங்குங்கள். தொடராக இணைத்த இரு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் அந்த ஒன்று குறைவாகவும் மற்றொன்று அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகி, இரண்டுமே கெடும். ஹைபிரிட், மின்சார வாகனங்களில் ஆரஞ்சு நிற உறையில் ஓடும் கேபிள்களைத் தொடவே வேண்டாம். அவை உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் கொண்டவை.

1. ரிமோட் வகையை முதலில் கண்டுபிடியுங்கள்

கடைக்குப் போய்ச் சுவிட்ச் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. பெரும்பாலானோர் இந்தப் படியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பிறகு வாங்கிய சுவிட்ச் பொருந்தவில்லை என்று தவிக்கிறார்கள். இன்வெர்ட்டரைத் திருப்பி, அதன் முகப்பையும் பக்கங்களையும் பாருங்கள். கீழ்க்காணும் நான்கில் ஒன்றாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும்.

முதல் வகையில், தொலைபேசி ஒயர் செருகும் துளை போன்ற ஒரு சாக்கெட் இருக்கும். நிறுவனம் தரும் சிறிய பேனல் அதில்தான் மாட்டும். இந்தப் பேனல்களில் பலவற்றில் இருப்பது அழுத்தி விட்டதும் திரும்பிவரும் பொத்தான். ஒரு முறை அழுத்தினால் இயங்கும், மறுமுறை அழுத்தினால் நிற்கும்.

இரண்டாவது வகையில் திருகு வைத்த இரண்டு சிறிய முனைகள் இருக்கும். இரண்டையும் ஒன்றோடொன்று தொடுக்கும்போது இன்வெர்ட்டர் இயங்கும், பிரிக்கும்போது நிற்கும். வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் இதற்குத் தேவையில்லை. புதிய இன்வெர்ட்டரில் இந்த இரு முனைகளையும் ஒரு சிறு ஒயர்த் துண்டால் இணைத்தே அனுப்பியிருப்பார்கள். அதைக் கழற்றிய பிறகுதான் உங்கள் சுவிட்சுக்கு வேலை வரும்.

மூன்றாவது வகையில், 12 வோல்ட் கிடைத்தால் இயங்கும் ஒற்றை முனை இருக்கும். சாவியைத் திருப்பும்போது மின்சாரம் வரும் ஒயரோடு இணைப்பதற்காகவே வைக்கப்பட்டது அது. அதிலிருந்து சிக்னல் நீங்கியதும் இன்வெர்ட்டர் நின்றுவிடும்.

நான்காவது, ரிமோட் வசதியே இல்லாத இன்வெர்ட்டர். இதற்கும் ஒரு வழி உண்டு. 8ஆம் படியில் சொல்கிறேன். ஆனால் இன்னும் இன்வெர்ட்டர் வாங்கவில்லை என்றால், ரிமோட் முனை உள்ளதையே தேடி வாங்குங்கள். பிறகு படப்போகும் சிரமத்தை எண்ணினால் விலை வித்தியாசம் பெரிதல்ல.

கையேட்டில் இன்னொன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: ரிமோட் வேலை செய்ய, இன்வெர்ட்டரின் மேலுள்ள சொந்தச் சுவிட்ச் எந்த நிலையில் இருக்க வேண்டும்? சில மாடல்களில் அது அணைந்திருக்க வேண்டும். சிலவற்றில் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். வேறு சிலவற்றில் ரிமோட்டுக்கென்றே மூன்றாவது நிலை உண்டு. எல்லா ஒயரும் சரியாக இருந்தும் ரிமோட் வேலை செய்யாமல் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான்.

2. மின்னோட்டத்தைக் கணக்கிட்டுப் பொருள்களை வாங்குங்கள்

கணக்கு எளிது. வாட்டை 12 ஆல் வகுத்து, இன்வெர்ட்டருக்குள் வீணாவதற்காக ஆறில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். வாட்டை 10 ஆல் வகுத்தாலே ஏறக்குறைய அந்த விடை வந்துவிடும்: 300 வாட்டுக்கு 30 ஆம்பியர், 1,000 வாட்டுக்கு 100, 2,000 வாட்டுக்கு 200.

கேபிள் அளவைக் கையேடு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சொல்லாவிட்டால், பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வரை 2 மீட்டருக்குள் இருக்கும்போது 300 வாட்டுக்கு 10 சதுர மி.மீ., 600 வாட்டுக்கு 16, 1,000 வாட்டுக்கு 35, 1,500 வாட்டுக்கு 50, 2,000 வாட்டுக்கு 70 என்று எடுத்துக்கொள்ளலாம். தூரம் கூடினால் தடிமனையும் கூட்டுங்கள்.

இவ்வளவு தடிமன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஓர் எண்: 100 ஆம்பியரை 16 சதுர மி.மீ. செப்புக் கேபிளில் போக 2 மீட்டர், வர 2 மீட்டர் ஓடவிட்டால் வழியிலேயே ஏறத்தாழ 0.44 வோல்ட் குறையும். 44 வாட் வெப்பமாகக் கேபிளிலேயே தங்கும். 35 சதுர மி.மீ. கேபிளில் குறைவது 0.2 வோல்ட் மட்டுமே. 12 வோல்ட்டில் அரை வோல்ட் பெரிய இழப்பு. பேட்டரி நன்றாக இருக்கும்போதே இன்வெர்ட்டர் "பேட்டரி தீர்ந்தது" என்று கத்தத் தொடங்கும்.

கேபிள் வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். வெளியே தடிமனாகத் தெரியும். மின்தடை செம்பைவிட அதிகம். லக்கில் (கேபிள் நுனியில் மாட்டும் துளையுள்ள உலோக முனை) இறுக்கிய இடம் நாளடைவில் தளரும். இந்த வேலைக்கு முழுச் செம்பில், நுண்ணிழைகள் நிறைந்த வளையும் கேபிள்தான் வேண்டும். கட்டடங்களில் பயன்படும் விறைப்பான ஒற்றைக் கம்பி வாகன அதிர்வில் ஒடிந்துவிடும்.

இவற்றோடு, பெரிய ஃபியூஸும் அதன் தாங்கியும், கேபிள் அளவுக்கேற்ற செப்பு லக்குகள், ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் உறை), ரப்பர் கிராமெட்டுகள் (தகட்டுத் துளையின் விளிம்பை மூடும் வளையங்கள்), ரிமோட்டுக்கு 0.75 அல்லது 1 சதுர மி.மீ. வாகன ஒயர், 1 ஆம்பியர் சிறு ஃபியூஸ், ரிமோட் வகைக்குப் பொருந்தும் சுவிட்ச், மல்டிமீட்டர், முன்கூட்டியே சார்ஜ் ஏற்றுவதற்கு ஒரு 12 வோல்ட் 21 வாட் வாகனப் பல்பு ஆகியவை வேண்டும். பல்பு எதற்கென்று 9ஆம் படியில் தெரியும். லக் இறுக்கும் ஹைட்ராலிக் கருவி கையில் இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள், அல்லது லக் பொருத்திய கேபிளாகவே அளவு கொடுத்து வாங்குங்கள். சுத்தியலால் அடித்து நசுக்கிய லக்கை நான் எந்த வாகனத்திலும் ஏற்கமாட்டேன்.

3. இன்வெர்ட்டருக்கும் சுவிட்சுக்கும் இடம் பாருங்கள்

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அருகே இருக்கட்டும். தூரத்தில் இருக்க வேண்டியது சுவிட்ச். ரிமோட்டே இதற்காகத்தான். கனமான கேபிளைக் குட்டையாக வைத்துக்கொண்டு, மெல்லிய ஒயரை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுக்கலாம்.

அருகே என்றால் இன்ஜின் அறைக்குள் என்று பொருளல்ல. அங்குள்ள வெப்பமும் நீரும் இன்வெர்ட்டருக்கு ஆகாது. லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். ஆகவே காற்றோட்டம் இல்லாத ஒரே பெட்டிக்குள் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் சேர்த்து அடைக்கக் கூடாது. மின்விசிறி காற்றை இழுக்கும் பக்கமும் தள்ளும் பக்கமும் திறந்திருக்க வேண்டும். கம்பளம், துணிப்பை எதுவும் அதை மூடிவிடாத இடமாகப் பாருங்கள்.

துளை போடுவதற்கு முன் அந்தத் தகட்டின் மறுபக்கத்தைக் கண்ணால் பாருங்கள். எரிபொருள் குழாய், பிரேக் குழாய், ஒயர்க் கட்டு ஆகிய மூன்றில் ஒன்று அங்கே ஓடுவது சாதாரணம்.

சுவிட்சை முழங்கால் தட்டாத, குழந்தையின் கை எட்டாத இடத்தில் வையுங்கள். மஞ்சள் உறை போட்ட ஒயர்களும் கனெக்டர்களும் பொதுவாக ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. அவற்றின் அருகே துளைக்கவோ அவற்றிலிருந்து மின்சாரம் எடுக்கவோ வேண்டாம்.

4. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்

சாவியை எடுத்துவிட்டு முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. வாகனத்தின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போதே பாசிட்டிவ் முனையைக் கழற்றினால், ஸ்பேனர் தவறிப் பக்கத்துத் தகட்டில் பட்ட நொடியே ஷார்ட் ஆகும். நெகட்டிவைக் கழற்றிய பிறகு அதே ஸ்பேனர் எங்கே பட்டாலும் சுற்று முழுமையடையாது. மோதிரம், கைச்சங்கிலி, கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள்.

சில வாகனங்களில் ரேடியோவுக்கு ரகசிய எண் கேட்கும். அதை முன்பே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. கனமான கேபிளை இழுத்து லக் பொருத்துங்கள்

பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் அருகருகே, சேர்த்துக் கட்டி இழுங்கள். தனித்தனிப் பாதையில் ஓடினால் அவற்றுக்கு நடுவே உருவாகும் பெரிய வளையம் ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். ஆடியோ ஒயர்களை வாகனத்தின் மறுபக்கமாக விடுவது நல்லது.

தகட்டைத் துளைத்துச் செல்லும் இடம் ஒவ்வொன்றிலும் ரப்பர் கிராமெட் வேண்டும். அறுத்த தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி. ஓட்டத்தின் அதிர்வில் கேபிளின் உறையை அது மெல்ல மெல்ல அறுக்கும். சைலன்சர் குழாய், இருக்கை நகரும் தண்டவாளம், ஹேண்ட் பிரேக் கம்பி ஆகியவற்றிலிருந்து விலக்கி, சுமார் 30 சென்டிமீட்டருக்கு ஒரு பிடிப்பானால் இறுக்குங்கள்.

லக்கின் குழல் நீளத்துக்கு மட்டும் உறையை உரியுங்கள். ஓர் இழையும் வெட்டுப்படாமல், எல்லா இழைகளும் உள்ளே போக வேண்டும். இறுக்கிய பிறகு லக்கை ஒரு கையிலும் கேபிளை மறு கையிலும் பிடித்து உடம்பின் வலுவோடு இழுத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அதை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். ஈயம் வைத்து மட்டும் ஒட்டிய இணைப்பு சூடாகும்போது இளகும், அதிர்வில் ஒடியும்.

முனையில் மாட்டும்போது லக்கின் தட்டைப் பகுதி இன்வெர்ட்டரின் செப்பு முனையில் நேராகப் படிய வேண்டும். அதன் மேல் வாஷர், அதன் மேல் ஸ்பிரிங் வாஷர், அதற்கு மேல் நட்டு. வாஷரை லக்குக்கும் முனைக்கும் நடுவே வைப்பது மிகப் பரவலான பிழை. அப்போது 100 ஆம்பியரும் அந்த இரும்பு வாஷர் வழியாகப் போக வேண்டியிருக்கும். சுமை ஏறிச் சிறிது நேரத்தில் அந்த முனையைத் தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும்.

நெகட்டிவ் கேபிள் எங்கே போய் முடிய வேண்டும் என்பதில் கவனம் தேவை. பல புதிய வாகனங்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சிறு சென்சார் கவ்வியிருக்கும். பேட்டரிக்குள் வருவதையும் போவதையும் அது கணக்கெடுக்கிறது. உங்கள் கேபிளை நேரே பேட்டரி முனையில் மாட்டினால் இன்வெர்ட்டர் இழுப்பது அதன் கணக்கில் சேராது. சார்ஜிங் ஒழுங்கு குலையும். சென்சாரைத் தாண்டி, சேஸிஸ் (வாகனத்தின் உலோகச் சட்டம்) பக்கத்தில் உள்ள எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். சென்சார் இல்லாத வாகனத்தில் பேட்டரி முனையே சிறந்த இடம்.

6. ஃபியூஸ் பேட்டரியின் பக்கத்தில்

பாசிட்டிவ் கேபிளில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்தால் பயனில்லை. ஃபியூஸ் காப்பாற்றுவது முதன்மையாகக் கேபிளைத்தான். நடுவழியில் உறை கிழிந்து வாகனத்தின் உடலில் பட்டால், அந்த இடத்துக்கு முன்னால் இருக்கும் ஃபியூஸ் மட்டுமே மின்னோட்டத்தை நிறுத்தும்.

அளவு: முழுச் சுமை மின்னோட்டத்தை 1.25 ஆல் பெருக்குங்கள். 1,000 வாட்டுக்கு 125 ஆம்பியர், 2,000 வாட்டுக்கு 250. அந்த எண் கேபிள் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கேபிளைப் பெரிதாக்குங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவது, காவலாளியை வேலையை விட்டு அனுப்பிவிட்டுத் திருட்டு நின்றுவிட்டது என்று நம்புவதற்குச் சமம்.

லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஏஎன்எல் வகை ஃபியூஸ் பொதுவாகப் போதும். லித்தியம் பேட்டரிக்கு T வகுப்பு (Class T) ஃபியூஸை வாங்குங்கள். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆகும்போது பல ஆயிரம் ஆம்பியரைக் கொட்டும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் உள்ளே தீப்பொறி வளைவு அணையாமல் தொடரக்கூடும். இப்போது தாங்கியை மட்டும் பொருத்துங்கள். ஃபியூஸைச் செருக வேண்டாம்.

7. எர்த்

இன்வெர்ட்டரின் உலோகப் பெட்டியில் எர்த் குறியோடு தனியாக ஒரு திருகு இருக்கும். அதிலிருந்து வாகனத்தின் சேஸிஸுக்கு, கையேடு சொல்லும் தடிமனில் ஒரு கேபிள் போக வேண்டும். பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தில் பிடிக்க வைத்து, பிறகு துருப்பிடிக்காமலிருக்கக் கிரீஸ் தடவுங்கள்.

230 அல்லது 120 வோல்ட் வெளிவரும் பக்கத்தின் நியூட்ரலை நீங்களாகவே சேஸிஸோடு இணைக்காதீர்கள். திருத்திய சைன் அலை இன்வெர்ட்டர்கள் (சீரான வளைவாக இல்லாமல் படிபடியான அலையைத் தருபவை) பலவற்றில் அப்படிச் செய்தால் இன்வெர்ட்டர் அந்த இடத்திலேயே எரிந்துபோகும். கையேடு சொன்னால் மட்டும் செய்யலாம்.

8. ரிமோட் ஒயர்

ஃபியூஸ் செருகாமல் இருக்கும்போதே இதை முடித்துவிடுவது பாதுகாப்பு. முதல் படியில் கண்ட வகைப்படி செய்யுங்கள்.

சாக்கெட் வகை: பெட்டியோடு வந்த பேனலையும் ஒயரையும் மட்டுமே பயன்படுத்துங்கள். சாக்கெட் ஒரே மாதிரி இருப்பதால் எந்த ஒயரும் போதும் என்று தோன்றும். முனைகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தொலைபேசி ஒயர்களிலும் நேரானது, குறுக்காக மாற்றியது என்று இரு வகை உண்டு. தவறான ஒயர் பேனலையோ இன்வெர்ட்டரின் கட்டுப்பாட்டுப் பலகையையோ எரித்துவிடலாம். ஒயர் நீளம் போதவில்லையென்றால் நிறுவனத்தின் நீண்ட ஒயரைக் கேளுங்கள்.

இரு முனை வகை: தொழிற்சாலை இணைத்த ஒயர்த் துண்டைக் கழற்றுங்கள். ஒவ்வொரு முனையிலிருந்தும் ஓர் ஒயர், அழுத்தினால் அதே நிலையில் நிற்கும் சுவிட்சின் இரு கால்களுக்குப் போகட்டும். இங்கே விளக்கு எரியும் சுவிட்ச் வேண்டாம். அந்த விளக்குக்கு வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த மின்சாரம் இன்வெர்ட்டரின் சிக்னல் முனைக்குள் கசிந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் அது இயங்கலாம்.

12 வோல்ட் வகை: இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். சாவியை முதல் நிலைக்குத் திருப்பும்போது 12 வோல்ட் வருவதும், சாவியை எடுத்தால் போய்விடுவதுமான இடம் ஒன்று ஃபியூஸ் பெட்டியில் வேண்டும். சிகரெட் லைட்டர் அல்லது துணைச் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் ஏற்றது. இதைக் கண்டுபிடிக்கப் பேட்டரியில் மின்சாரம் வேண்டும். ஆகவே 4ஆம் படிக்கு முன்பே மல்டிமீட்டரால் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். ஏர்பேக், பிரேக், இன்ஜின் கட்டுப்பாடு என்று எழுதியிருக்கும் ஃபியூஸ்கள் பக்கம் போகவே கூடாது.

ஒயரை வெட்டாமல் ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இருந்த இடத்தில் செருகி, இன்னொரு ஃபியூஸ் வழியே புதிய ஒயருக்கு மின்சாரம் எடுக்கும் சிறு துண்டு) ஒன்றைச் செருகுங்கள். செருகும் திசை முக்கியம். பழைய ஃபியூஸை எடுத்துவிட்டு, சாவி திறந்த நிலையில் அந்தத் துளையின் இரு கவ்விகளையும் மீட்டரால் தொட்டுப் பாருங்கள். 12 வோல்ட் காட்டுவது மின்சாரம் வரும் பக்கம். இதையும் 4ஆம் படிக்கு முன்பே பார்த்துக் குறித்துவையுங்கள். டேப்பின் இரு ஃபியூஸ்களுக்கும் பொதுவான கால் அந்தக் கவ்வியில் அமர வேண்டும். திருப்பிச் செருகினாலும் சுற்று வேலை செய்யும். ஆனால் உங்கள் சிக்னலுக்கான மின்னோட்டமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும்.

டேப்பில் 1 ஆம்பியர் ஃபியூஸ் போதும். சிக்னல் முனை இழுப்பது மிகச் சொற்பம். டேப்பிலிருந்து வரும் ஒயர் சுவிட்சின் ஒரு காலுக்கு. மறு காலிலிருந்து இன்வெர்ட்டரின் சிக்னல் முனைக்கு. இப்படித் தொடராக இருப்பதால் சாவியும் திறந்திருந்து, சுவிட்சும் போட்டிருந்தால்தான் இன்வெர்ட்டர் இயங்கும்.

சாவியோடு கட்டிப்போடுவதற்கு வலுவான காரணம் உண்டு. எதுவும் மாட்டாமல் இயங்கும் இன்வெர்ட்டரே 1 ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடும். ஒரு நாளில் 24 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரி மறுநாள் வண்டியைக் கிளப்பத் திணறக்கூடும். "இன்வெர்ட்டரில்தான் குறை வோல்டேஜ் பாதுகாப்பு இருக்கிறதே" என்று சொல்வார்கள். அது பொதுவாக 10.5 வோல்ட்டை ஒட்டித்தான் அணைக்கும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் லெட்-ஆசிட் பேட்டரி 12.1 அளவில் பாதி தீர்ந்துவிடுகிறது. 10.5-க்கு வந்த பேட்டரியால் வண்டியைக் கிளப்ப முடியாது. அந்தப் பாதுகாப்பு இன்வெர்ட்டருக்கானது, உங்கள் பயணத்துக்கானதல்ல.

விளக்குள்ள மூன்று கால் சுவிட்சை இந்த வகையில் பயன்படுத்தலாம். மூன்றில் பித்தளை நிறத்தில் தனித்துத் தெரியும் கால் பெரும்பாலும் எர்த். மீட்டரால் உறுதி செய்துகொண்டு சேஸிஸில் இணையுங்கள். சிக்னல் ஒயரை அந்தக் காலில் மாட்டிவிட்டு, சுவிட்ச் போட்டதும் ஃபியூஸ் போகிறதே என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் பலர்.

ரிமோட் இல்லாத வகை: பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் சுவிட்சின் ஒயரை நீட்டலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். உள்ளே உள்ள கெபாசிட்டர்களில் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம், இணைப்பைக் கழற்றிய பிறகும் தங்கியிருக்கக்கூடும்.

செய்யக்கூடியது, ஃபியூஸுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே ஒரு கனமான கான்டாக்டரை (சிறு மின்னோட்டத்தால் இயக்கப்படும் பெரிய மின்சுவிட்ச்) வைத்து, அதன் சுருளை மட்டும் டேஷ்போர்டு சுவிட்சால் இயக்குவது. இதற்கு மூன்று நிபந்தனைகள். கான்டாக்டர் தொடர் பயன்பாட்டுக்கு உரியதாக, முழுச் சுமையைவிட ஒன்றரை மடங்கு நேர்மின்னோட்டம் தாங்குவதாக இருக்க வேண்டும். வண்டியைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கான சுவிட்சான ஸ்டார்ட்டர் சாலினாய்டு சில நொடிகளுக்கென்று செய்யப்பட்டது, நீண்ட நேரம் போட்டுவைத்தால் சுருள் எரியும். சுருளுக்குக் குறுக்கே, பட்டை உள்ள முனை பாசிட்டிவ் பக்கம் இருக்குமாறு ஒரு டயோடு வேண்டும். இல்லாவிட்டால் அணைக்கும் ஒவ்வொரு முறையும் எழும் வோல்டேஜ் பாய்ச்சல் சுவிட்சின் முனைகளைக் கரிக்கும். மூன்றாவது, மின்சாரம் போய் வந்ததும் தானாக இயங்கும் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். முகப்பில் அழுத்தித் திரும்பும் பொத்தான் உள்ளவை மின்சாரம் திரும்ப வந்தாலும் பொத்தானை அழுத்தும்வரை உறங்கும். அவற்றுக்கு இந்த ஏற்பாடு உதவாது.

அணைப்பதற்கு முன் மின்கருவிகளை நிறுத்திவிடும் பழக்கமும் இதில் கட்டாயம். ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் காலியான கெபாசிட்டர்கள் ஒரே வீச்சில் நிரம்புவதால் கான்டாக்டரின் முனைகள் தேய்கின்றன. ஒரு நாள் அவை ஒட்டிக்கொண்டால் சுவிட்சை அணைத்தாலும் இன்வெர்ட்டர் நிற்காது. இதனால்தான் ரிமோட் முனை உள்ளதை வாங்குங்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

9. மின்சாரம் கொடுக்கும் வரிசை

இன்வெர்ட்டரும் ரிமோட் சுவிட்சும் அணைந்த நிலையில் இருக்கட்டும். இன்வெர்ட்டரின் வெளியீட்டுச் சாக்கெட்டில் எந்த மின்கருவியும் மாட்டியிருக்கக் கூடாது. இரு கேபிள்களையும் இன்வெர்ட்டரில் இறுக்கி, பாசிட்டிவ், நெகட்டிவ் மாறவில்லை என்று கேபிளை விரலால் தொடர்ந்து சென்று ஒரு முறை சரிபாருங்கள். துருவம் மாறினால் உள்ளே பற்றவைத்த ஃபியூஸ்களோ மாஸ்ஃபெட்டுகளோ (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள்) போய்விடும். வாரண்டியும் பெரும்பாலும் கைகொடுக்காது.

அடுத்து பேட்டரியில் பாசிட்டிவ், பிறகு நெகட்டிவ். பெரிய ஃபியூஸ் இன்னும் செருகப்படவில்லை. இப்போது அந்த 21 வாட் பல்பை எடுத்து, அதன் இரு ஒயர்களையும் ஃபியூஸ் தாங்கியின் இரு முனைகளிலும் தொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் எல்லாம் சரி. கெபாசிட்டர்கள் பல்பின் வழியே மெதுவாக நிரம்பிவிட்டன. அணையாமல் தொடர்ந்து எரிந்தால் ஃபியூஸைச் செருகாதீர்கள். துருவம் மாறியிருக்கிறது, எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது இன்வெர்ட்டர் இயங்கும் நிலையில் இருக்கிறது. பல்பு இடையில் இருந்ததால் இரண்டு ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடியது. பெரிய சேதம் நேர்வதற்குள் தவறு வெளிப்பட்டது.

பல்பு அணைந்ததும் தாமதிக்காமல் ஃபியூஸைப் பொருத்தி இறுக்குங்கள். பல்பு இல்லாமல் நேரே இணைத்தால் "படார்" என்று ஒரு பொறி தெறிக்கும். முனையில் கருப்புப் பள்ளம் விழும். லித்தியம் பேட்டரியானால் அதன் பாதுகாப்புச் சுற்று இந்தப் பாய்ச்சலை ஷார்ட் என்று எண்ணி மொத்தமாக அணைந்துவிடவும் கூடும்.

10. சோதனை

முதலில் சுமை இல்லாமல். சாவி அணைந்திருக்கும்போது, திறந்தபோது, சுவிட்ச் போட்டபோது, சுவிட்சை அணைத்தபோது என்று ஒவ்வொரு நிலையிலும் இன்வெர்ட்டரின் விளக்கைப் பாருங்கள். சில வாகனங்களில் சாவியை எடுத்த பிறகும் கதவைத் திறக்கும்வரையோ சில நிமிடங்களோ துணைச் சுற்றில் மின்சாரம் இருக்கும். அது உங்கள் ஒயரிங்கின் பிழையல்ல.

பிறகு பாதிச் சுமை, இன்ஜின் ஓடும்போது. மீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்து ஓர் எண், இன்வெர்ட்டர் முனைகளில் வைத்து ஓர் எண் குறியுங்கள். முழுச் சுமையிலும் வித்தியாசம் 0.36 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பாதிச் சுமையில் அதில் பாதி. தாண்டினால், பாசிட்டிவ் பாதையில் ஒவ்வோர் இணைப்புக்கும் குறுக்கே மீட்டரை வைத்து, எங்கே குறைகிறது என்று தேடுங்கள். தளர்ந்த நட்டோ மோசமான லக்கோ தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பத்து நிமிடம் ஓடவிட்டு, சுமையை நிறுத்தி, லக், ஃபியூஸ் தாங்கி, எர்த் போல்ட் மூன்றையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை இழுத்துக்கொள்ள வைக்கும் சூடு என்றால் அந்த இணைப்பைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டும்.

திருத்திய சைன் அலை இன்வெர்ட்டரின் வெளியீட்டைச் சாதாரண மீட்டரில் பார்த்தால் வோல்டேஜ் குறைவாகக் காட்டும். அலையின் வடிவம் எதுவானாலும் உண்மை மதிப்பை அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் (True RMS) மீட்டர்தான் சரியாகக் காட்டும்.

11. வேலை செய்யாவிட்டால்

ரிமோட்டில் எதுவும் நடக்கவில்லை. இன்வெர்ட்டரின் சொந்தச் சுவிட்சில் இயங்குகிறது: அந்தச் சொந்தச் சுவிட்ச் இருக்க வேண்டிய நிலையைக் கையேட்டில் பாருங்கள். பிறகு, 12 வோல்ட் வகையானால், சிக்னல் முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். வரவில்லையென்றால் டேப்பின் ஃபியூஸ், அடுத்து சுவிட்ச், அடுத்து ஒயர் என்று பின்னோக்கிப் போங்கள்.

சுவிட்சை அணைத்தும் நிற்கவில்லை: இரு முனை வகையில் தொழிற்சாலை ஒயர்த் துண்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. அல்லது சுவிட்சின் விளக்கு வழியே மின்சாரம் கசிகிறது. அல்லது சொந்தச் சுவிட்ச் போட்டபடி இருக்கிறது.

ஒரு முறை இயங்கும், அடுத்த முறை இயங்காது: அழுத்தித் திரும்பும் பொத்தான் வேண்டிய இடத்தில் நிலைத்து நிற்கும் சுவிட்சைப் பொருத்தியிருக்கிறீர்கள்.

வண்டியைக் கிளப்பும்போது மட்டும் அணைகிறது: ஸ்டார்ட்டர் சுழலும்போது வாகனம் துணைச் சுற்றைத் தானே துண்டிக்கிறது. இது நல்லதே, வோல்டேஜ் தாழும் அந்தக் கணத்தில் இன்வெர்ட்டர் இயங்காமலிருப்பது பேட்டரிக்கும் உதவி. கணினி போன்றவற்றை இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு மாட்டுங்கள்.

சுமை ஏற்றியதும் அலாரம் அடிக்கிறது: வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டர் (இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் கருவி) தன் முழு அளவில் ஒரு பகுதியையே தரும், மீதியைப் பேட்டரியிலிருந்துதான் இன்வெர்ட்டர் இழுக்கிறது. அலாரம் அடிக்கும் நேரத்தில் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். அங்கேயே 11 வோல்ட்டுக்கு அருகில் இருந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது சுமை அதற்கு மீறியது. அங்கே 12-க்கு மேல் இருந்து இன்வெர்ட்டர் முனையில் மட்டும் தாழ்ந்திருந்தால், கேபிளும் இணைப்புகளும்தான் காரணம். 5ஆம் படிக்குத் திரும்புங்கள்.